முதனூல் என்பதன் சொற்பொருள்

சாத்திரம் ஓதப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது குறியீட்டுச் சொற்களின் பொருளுணர்ச்சியாம். நூல், பனுவல், சூத்திரம், உரை, முதல், வழி, சார்பு என்றற்றொடக்கத்துச் சொற்கள் நாள்தோறும் நம் வாயில் வழங்குவனவே. வழங்கும் மிகுதிபற்றி இவற்றின் பொருள் நமக்குத் தெளிவெனக் கருதி மேற்செல்லுதல் பலர்க்கும் இயல்பாயிற்று. ஆயினும் இச்சொற்பொருளை நெகிழவிட்டமையானே எழுந்து, நெடுங்காலம் முடிவுறாது நிற்கும் வழக்குகள் சித்தாந்த உலகிற் சில உள. அவற்றுள் ஒன்றனை ஈண்டு எடுத்து ஆராய்வாம்.

கோவிற்பட்டியைச் சூழ்ந்த ஊர்களிற் சித்தாந்தம் பயிலும் அன்பர் சிலர், வணிகரும் பள்ளியாசிரியரும் உழவருமாக உள்ளார், எம்மை ஒரு வினா வினாவினர். "ஐயா, சிவஞானபோதம் சித்தாந்த சாத்திரங்களுள் முதனூல் என்று பாடங் கேட்டோம். அந்நூற் சூத்திரங்கள் இரௌரவாகமத்தினின்றும் மொழிபெயர்க்கப்பட்டன என்றும் கேட்கின்றோம். மொழிபெயர்த்துச் செய்யப்படுவது வழிநூலின் வகை என்பது இலக்கணம். ஒரு நூல் முதனூலும் வழிநூலுமாதல் எங்ஙனம்? இரண்டனுள் ஒன்று பொய்யாதல் வேண்டுமன்றோ?" என்பது அவ்வினா.

வினா நேரிதே. இதற்கு விடை தாராது, பெரியோர் கூறினார் ஆதலிற் கொள்க என்று கூறி ஒழிதல் பாடஞ்சொல்வார்க்கு அழகன்று. இவ்வையம் தீராதார் இருவகையால் இடர்ப்படுதலை யாம் கண்டுளேம். ஒரு சாரார் மொழிபெயர்ப்புத்தானே என்று மெய்கண்டதேவர் திருவாக்கினை எளிதாகக் கருதி அதனுட் புகாது நிற்பர். மற்றொரு சாரார் அது தமிழில் முதற்கண் தோன்றியதே என நிறுவுதற்பொருட்டு ஆகமங்களை இகழ்ந்து, இறைவன் அருளிய மூலத்தோடு தமக்குள்ள தொடர்பினைத் தாமே அறுத்துக்கொள்வர். இருவர் கையினின்றும் நூல் நழுவிப் போகின்றது. ஆகலின் நூல் என்னும் சொல்லினின்றே தொடங்குதும்.

நூல்

நூல் என்னும் பெயர் இழைக்கு உரியது. அப்பெயர் கலைக்கு ஆயினமைக்குக் காரணம் நன்னூற் பொதுப்பாயிரத்தில் உவமை முகத்தாற் கூறப்பட்டுள்ளது. சொற்கள் பஞ்சாகவும், செய்யப்படும் பனுவல் இழையாகவும், கல்வி வல்ல புலவன் நூற்கும் மகளாகவும், அவன் வாய் இடையறாது இழுக்கும் கையாகவும், மதிநுட்பம் கதிராகவும் ஆண்டு வைத்து உரைக்கப்படும்.

இவ்வுவமை கரிசல் நிலத்தார்க்கு விளக்க வேண்டாதது. கோவிற்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்னும் இப்பகுதி வானம் பார்த்த பூமி. ஆற்றுப் பாய்ச்சல் இல்லை. புரட்டாசி ஐப்பசியில் இறங்கும் மழையின் ஈரத்தைக் கரிசல் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்ள, அவ்வீரத்தையே பற்றிப் பருத்தி வளரும். கருங்கண்ணி, உப்பம் என்பன இந்நிலத்தின் பழைய பருத்தி வகைகள். 1901இல் கோவிற்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டுப் பருத்தியாராய்ச்சி அங்கு நடைபெற்று வந்துள்ளது. இந்நாளில் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் பருத்தி நின்ற இடத்திற் பெரும்பகுதியைப் பற்றிக்கொண்டன எனினும், பஞ்சின் தொழில் இன்னதென அறியாதார் இப்பகுதி மூத்தோருள் அரியர்.

அவர் அறிந்த தொழிலை நோக்குக. எடுத்த பருத்தி அவ்வாறே நூலாகாது. கொட்டை நீக்கல் வேண்டும். வில்லால் அடித்துச் சிக்கும் தூசும் போக்கல் வேண்டும். அதன் பின்னரே கதிரிற் சேர்த்து முறுக்கேற்ற இழை பிறக்கும். பஞ்சினைப் பன்னுதல் என்றும் சொல்லினைப் பன்னுதல் என்றும் ஒரு சொல்லே இரண்டற்கும் வழங்குவதும், பனுவல் என்னும் பெயர் இழைக்கும் கலைக்கும் பொதுவாய் நிற்பதும் இவ்வொப்புமையை வலியுறுத்தும். நெசவாளர் நெடுக ஓடவிடும் இழைத் தொகுதிக்குப் பாவு என்று பெயர். பா என்றும் கூறுவர். செய்யுளும் பா எனப்படும். வடமொழியிற் சூத்திரம் என்பதற்கும் நூலிழை என்பதே பொருள். தந்திரம் என்னும் சொல்லும் நீட்டுதல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்து தறியில் நீட்டப்பட்ட பாவினைக் குறித்துப் பின் ஆகமத்திற்குப் பெயராயிற்று. திருமூலர் திருமந்திரம் ஒன்பது தந்திரமாக வகுக்கப்பட்டிருத்தல் யாவரும் அறிந்தது. இருமொழியாளரும் கலையினைச் சுட்டுதற்கு ஒரு தொழிலினின்றே சொற்கொண்டமை கருதத்தக்கது.

உவமை ஒருபுடை

இனி, உவமையை அளவறிந்து கொள்ளல் வேண்டும். உவமை யாண்டும் ஒருபுடை ஒப்புமை பற்றியதே. முற்றும் ஒக்குமாயின் உவமையும் பொருளும் வேறாதல் இன்றாம். இவ்வளவினை மறந்தமையானே, உயிர் இறைவனோடு நிற்கும் அத்துவித நிலைக்குக் கூறப்பட்ட உவமைகளை முற்றுவமையாகக் கொண்டு உயிரே இறைவன் என முடிபு கூறினாரும் உளராயினர். நீரிற் கரைந்த உப்பு என்னும் உவமை பிரிப்பின்றி நிற்றலைக் காட்டவந்தது. உயிர் தன் உண்மை கெட்டொழியும் என்று காட்ட வந்ததன்று. இலக்கண நூலார் வகுத்த உவமையிலக்கணம் சமய நூலார்க்குக் காவலாதல் இதனால் அறிக.

அவ்வளவினுள் நின்று பஞ்சுவமையை நோக்கின், சித்தாந்தம் பயில்வார்க்கு அதனுள் ஓர் அரும்பொருள் புலனாகும். ஒரு காரியம் தோன்றுதற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்று வேண்டும் என்பது நம் நூற்றுணிபு. குடத்திற்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அவ்வாறே இழைக்குப் பஞ்சு முதற்காரணம், கதிர் துணைக்காரணம், நூற்கும் மகள் நிமித்தகாரணம். கலையாகிய நூலிற்கோவெனின், சொல் முதற்காரணம், மதிநுட்பம் துணைக்காரணம், புலவன் நிமித்தகாரணம் என்று பகுத்துக்கொள்க. இப்பகுப்பு மேல் நிகழ்த்தும் ஆராய்ச்சிக்குக் கருவியாம்.

முதல்

முதல் என்னும் சொல் ஒரு பொருட்கே உரியதன்று. காலத்தால் முற்பட்டதும் முதல், வரிசையில் தலைநிற்பதும் முதல், காரணமாய் நிற்பதும் முதல், மரத்தின் அடியும் முதல், இறைவனும் முதல். கோவிற்பட்டிக் கடைத்தெருவில் முதல் எவ்வளவு என்று வினாவினால், வணிகன் தான் தொழிலில் இட்ட பொருளையே கூறுவன். அதனை முதல் என்பது, அவன் வாழ்நாளில் அதற்குமுன் வேறு பொருள் கண்டிலன் என்பது பற்றியன்று. இவ்வாணிகத்து ஊதியம் எல்லாம் அதனினின்றும் கிளைத்தன என்பது பற்றியே. அம்முதலும் முன்னொருகால் அவன் தந்தைக்கு ஊதியமாய் இருந்திருக்கலாம். தந்தை வாணிகத்தை நோக்க ஊதியம். மகன் வாணிகத்தை நோக்க முதல். பொருள் ஒன்றே, நோக்கு இரண்டு. இதனைப் பொய்யென்பார் யார்?

இனி முதனூலின் இலக்கணத்தைக் காண்போம். தொல்காப்பியனார் மரபியலில் நூலினை முதல், வழி என இரண்டாக வகுத்தார். இருவினைத் தொடக்கின்றி இயல்பாகவே விளங்கும் அறிவினையுடைய தலைவனாற் செய்யப்பட்டது முதனூல் என்பது அவர் கருத்து. நன்னூலும் அதனையே தழுவிற்று. இவ்விலக்கணத்துள் மொழி கூறப்பட்டிலது, காலமும் கூறப்பட்டிலது. கூறப்பட்டது செய்தோனது அறிவின் தன்மை ஒன்றே. மேற்காட்டிய பகுப்பால் உரைப்பின், முதனூலினை முதனூலாக்குவது நிமித்தகாரணமே. முதற்காரணமாகிய சொல் அன்று.

எனவே, தமிழோ வடமொழியோ என்னும் வழக்கு பஞ்சினைப் பற்றிய வழக்கே ஆம். கருங்கண்ணியோ உப்பமோ என்று வினாவுதல் நெய்வார்க்குப் பயனுடைய வினாவே. பஞ்சின் தன்மை இழையிற் சேரும் ஆதலின் அதனை இகழ்தல் கூடாது. மெய்கண்டதேவர் திருவாக்கின் செறிவு தமிழ் என்னும் பஞ்சிற்கு உள்ள வலிமையையும் காட்டும். ஆயினும் நூற்றவள் யார் என்னும் வினாவிற்கு, பஞ்சு இன்னது என்று விடை கூறுதல் வினாவொடு பொருந்தாத விடையாம்.

தடையும் விடையும்

அற்றேல், காலத்தால் முற்பட்டமை பற்றியே சிவஞானபோதம் முதனூல் எனப்பட்டதென்று கொள்வாமெனின், அற்றன்று. மெய்கண்ட சாத்திரம் எனப்படும் 14 நூல்களுள் திருவியலூர் உய்யவந்ததேவர் அருளிய திருவுந்தியாரும், திருக்கடவூர் உய்யவந்ததேவர் அருளிய திருக்களிற்றுப்படியாரும் 12ஆம் நூற்றாண்டின என்பது மரபு. மெய்கண்டதேவர் 13ஆம் நூற்றாண்டினர். காலமே அளவாயின் திருவுந்தியாரே முதனூலாதல் வேண்டும். அங்ஙனம் ஒருவரும் வழங்கிற்றிலர். தொகுதியின் பெயரும் திருவுந்தியாரால் அமையாது மெய்கண்டார் பெயரானே அமைந்தது. ஆகலின் ஈண்டு முதல் என்றது காலம் குறித்ததன்று. ஊதியம் கிளைத்தற்கு நிலைக்களமாம் வாணிக முதல்போல, சித்தியாரும் சிவப்பிரகாசமும் கிளைத்தற்கு நிலைக்களமாதல் குறித்தது.

இனி, ஆகமத்தை நோக்கின் அது வழிநூலே அன்றோ எனின், ஆம் என்றே விடை கூறுவாம். சிவஞான முனிவர் மாபாடியத்துள் இச்சூத்திரங்கள் இரௌரவாகமத்தில் உள்ளன என்றே கொண்டு உரைவகுத்தார். தமிழ் முதனூல் என்பாரோ, புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1961 முதல் வெளியிட்ட இரௌரவாகமப் பதிப்பில் இப்பன்னிரண்டு சூத்திரங்களும் காணப்படவில்லை என்பதை எடுத்துக்காட்டுவர். ஆகமங்களின் பல பகுதிகள் வழக்கு வீழ்ந்தன ஆதலின் கிடையாமை இன்மைக்குச் சான்றாகாது என்று மற்றையார் விடையிறுப்பர். ஏட்டாராய்ச்சியாளர் இதனைத் தம் நெறியில் ஆராய்வாராக. சொற்பொருளாராய்ச்சி செய்யும் நாம் கூறுவது ஒன்றே: இவ்விரண்டனுள் எது முடிபாயினும், சித்தாந்த சாத்திரங்களை நோக்கச் சிவஞானபோதம் முதனூலாதற்கு இழுக்கில்லை, இறைவன் அருளிய ஆகமப் பொருளை நோக்க அது வழிநூலாதற்கும் இழுக்கில்லை. நூற்பவளுக்கு முடிந்த பொருளாகிய இழை நெய்பவனுக்குத் தொடங்கும் பொருளாதல் போல்வது இது.

அங்ஙனமாயினும் வழிநூல் எனக் கூறுதல் ஒரு தாழ்வாகாதோ எனின், ஆகாது. தொல்காப்பியனார் வழிநூலினைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்து, மொழிபெயர்ப்பினையும் மரபுநெறிப்படச் செய்யப்படும் நூலாகவே எண்ணினார். அவர் அதனை இழிந்ததென்றிலர். நன்னூலார், முன்னோர் நூலின் முடிபொடு முற்றும் ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் உடையதாய், கெடாத மரபில் நிற்பது வழிநூல் என்றார். ஒத்தலும் வேண்டும், தன்னறிவால் வேறுபடுத்தலும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கு நிகழ்தற்குப் பெரிய அறிவாற்றல் வேண்டப்படும். திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞானசித்தியார் வழிநூல் என்பதில் ஒருவர்க்கும் ஐயம் இல்லை. அந்நூலுக்கு மிஞ்சிய சாத்திரம் இல்லை என்று பழமொழியும் எழுந்தது. வழிநூல் என்பது தாழ்வாயின் இப்பழமொழி யாங்ஙனம் எழும்?

சார்புநூல் என்பது தொல்காப்பியத்திற் கூறப்படாது நன்னூலிற் கூறப்பட்டது. முதனூல் வழிநூல் இரண்டற்கும் ஒருபுடை ஒத்து, வேறுபாடும் உடையது சார்புநூல். புடைநூல் என்றும் பெயர். கொற்றவன்குடி உமாபதி சிவம் அருளிய சிவப்பிரகாசம் இவ்வகையின்பாற் படும் என்பது ஆன்றோர் வழக்கு. இவ்வாசிரியர் தம் நூற்கண், பழமை ஒன்றே பற்றி ஒரு நூலினை நன்றெனக் கொள்ளலும் புதுமை ஒன்றே பற்றித் தீதெனத் தள்ளலும் ஆகா என்றும், மணியின் நலம் அறிந்தார் அதனைப் பொதிந்த மாசு கருதி மணியை இகழார் என்றும் கருத்துப்பட அருளினார். சார்புநூல் செய்தவரே நூலின் சிறப்புக் காலத்தாற் கொள்ளப்படுவதன்று என வரையறுத்தமை காண்க. நாம் மேற்கூறிய முடிபிற்கு இதனினும் வலிய அரண் வேண்டுவதில்லை.

சூத்திரமும் உரையும்

இன்னும் ஒன்று கூறற்பாலது. சிவஞானபோதம் என்பது 12 சூத்திரம் மாத்திரையே அன்று. ஒவ்வொரு சூத்திரத்தையும் கூறுகளாகப் பகுத்து, மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டு வெண்பாவும் தந்து நிற்கும் வார்த்திகமும் அதன்கண் உண்டு. அவ்வெண்பாக்கள் 81. சூத்திரங்களை ஆகமத்தினின்றும் வந்தன எனக் கொள்வாரும், வார்த்திகத்தினை மெய்கண்டதேவரே செய்தருளினார் என்று உடன்படுவர். ஆகவே முன்னோர் முடிபினை ஒத்தலும், பின்னோன் தன்னறிவால் விரித்தலும் ஆகிய இரண்டும் ஒரு நூலிலேயே கண்கூடாகக் காணக் கிடக்கின்றன. மொழிபெயர்ப்பு என்னும் ஒரு சொல்லால் இந்நூல் முழுவதையும் சுட்டுவார் பாவினைக் கண்டு ஊடையினைக் காணாதாரே ஆவர்.

உரை என்பதும் இவ்வாறு பகுத்துணரத்தக்கது. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்பவற்றாற் சுருங்க உரைப்பது காண்டிகை. அவற்றோடு சூத்திரத்திற்கு இன்றியமையாத பிறவற்றையும் சேர்த்து ஐயமற விரிப்பது விருத்தி. திருநெல்வேலிச் சங்கர நமச்சிவாயர் ஊற்றுமலை மருதப்பர் வேண்ட நன்னூலுக்கு விருத்தியுரை செய்தார். அதனைத் திருத்தியவர் விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்து திருவாவடுதுறையில் விளங்கி 1785இற் சிவப்பேறு எய்திய சிவஞான முனிவர். அவரே சிவஞானபோதத்திற்குச் சுருங்கிய சிற்றுரையும் விரிந்த மாபாடியமும் அருளினார். சமணராகிய பவணந்தியார் செய்த இலக்கணத்தைச் சைவ முனிவர் ஒருவர் உரைதிருத்தி உலகிற்கு அளித்ததும், அக்கையானே மாபாடியம் எழுதியதும் நாம் மறக்கற்பாலன அல்ல. சொல்லிலக்கணம் சமயத்திற்குப் புறம்பென்று அவர் கருதிற்றிலர். இலக்கணக் கல்வி சித்தாந்தக் கல்விக்கு வாயில் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

நூலின் பயன்

பொதுப்பாயிரம் நூலிற்கு இரண்டாவதோர் உவமையும் கூறும். தச்சன் கோணிய மரத்தை அறுக்குமுன் எற்றுநூலைச் சாயத்தில் தோய்த்து, இரு தலையும் இறுகப் பிடித்து, நடுவே சுண்டிவிடுவன். மரத்தின்மேல் நேர்கோடு விழும். அக்கோட்டின்வழி அறுக்க, மரத்தின் கோணல் நீங்கும். அவ்வாறே மக்கள் மனத்தின் கோணலை நீக்குவதும் நூலே என்பது அவ்வுவமையின் கருத்து. முன்னையது நூல் பிறக்குமாறு கூறிற்று. பின்னையது நூலின் பயன் கூறிற்று. பஞ்சினைப் பற்றி வழக்கிட்டு நிற்பார் இரண்டாம் உவமைக்கு வந்திலர். கோடு விழுந்தபின்னும் மரத்தை அறாது, நூல் எவ்விடத்துப் பஞ்சால் ஆயது என்று வினாவிக்கொண்டிருக்கும் தச்சனை யாவரும் நகுவரன்றோ?

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நம்மவர் நான்கு கூறுவர். முதனூல் எது என்னும் வினா கேட்டலின்கண் எழுந்து, சிந்தித்தலின்கண் முடிதல் வேண்டும். அவ்வாறு முடிந்தாற்றான் தெளிதற்கு வழி உண்டு. ஆதலின் சித்தாந்த வகுப்பு நடத்துவார்க்கு யாம் வேண்டிக்கொள்வது: சிவஞானபோதம் தொடங்குமுன் நன்னூற் பொதுப்பாயிரத்தின் நூலியல்பினை ஒரு திங்களேனும் பாடஞ்சொல்லுக. மாணாக்கர் முதல், வழி, சார்பு என்பவற்றைத் தம் தொழிலிற் கண்ட பொருள்களை வைத்தே எடுத்துக்காட்டுமாறு செய்க. வணிகனுக்கு முதல் தெரியும். உழவனுக்குப் பஞ்சு தெரியும். தச்சனுக்கு எற்றுநூல் தெரியும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செலுத்துதலே ஆசிரியன் கடன். எம்மை வினாவிய அன்பர்க்கும், அவர்போல் வினாவுவார் பிறர்க்கும் இதுவே விடையாகுக.

திருச்சிற்றம்பலம்.